எந்த நடுங்கும் எலி? பரம்பரைக் கை நடுக்கத்தை ஆராயப் போகிறவர்களுக்கு

"அக்கா, அடுத்த மாசம் சினாப்சிஸ் கொடுக்கணும். தலைப்புல பரம்பரை நடுக்கம்னு போட்டாச்சு. எந்த எலின்னு மட்டும் சொல்லிடுங்க." பார்மகாலஜியில் பிஎச்.டி. சேர்ந்திருக்கும் ஒரு பெண் போன வாரம் இப்படிக் கேட்டாள். (சினாப்சிஸ் என்றால் ஆய்வுத் திட்டத்தின் சுருக்கம்.) இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வருடத்துக்கு நாலைந்து தடவையாவது என்னிடம் வருகிறது. ஒவ்வொருத்தருக்கும் போனில் அரைமணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எந்த நடுக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகிவிடுவோம். கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கினால் அது பெரும்பாலும் பார்க்கின்சன் பக்கம். டம்ளரைத் தூக்கும்போது, கையெழுத்துப் போடும்போது, கோயிலில் தீர்த்தத்துக்குக் கையை நீட்டும்போது நடுங்கினால் அது செயல் நடுக்கம். இந்த இரண்டாவது வகையில் மிகப் பரவலானது எசென்ஷியல் ட்ரெமர். 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு இருக்கிறது. வினாடிக்கு 4 முதல் 12 தடவை, அதாவது 4 முதல் 12 ஹெர்ட்ஸ் வேகத்தில் கை ஆடும். அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது, இப்போது எனக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். 2001இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு ஒன்றில், ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 60 சதவீதம், இருகரு இரட்டையரில் 27 சதவீதம். ஆக பரம்பரை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த மரபணு என்று கேட்டால்தான் எல்லோரும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறோம்.

எலியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் மொத்தச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நம்மைப் போல நடுங்கும் எலியிடம் நம்முடைய மரபணுக் கோளாறு இல்லை, நம்முடைய கோளாற்றைக் கொண்டுபோய் வைத்த எலி சரியாக நடுங்க மாட்டேன் என்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்துத் தேர்வு செய்வது

நான் நாலு கேள்வி கேட்பேன்.

ஒன்று, நடுக்கம் பார்ப்பதற்கு ஒத்துப்போகிறதா. எலி ஓய்வில் இருக்கும்போது அடங்கி, நிற்கும்போதும் நகரும்போதும் வர வேண்டும். வேகம் அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. எலியின் கால் நம் கையைவிட எத்தனையோ மடங்கு சின்னது, சின்னப் பொருள் வேகமாகத்தான் ஆடும்.

இரண்டு, காரணம் ஒத்துப்போகிறதா. மனிதர்களில் கண்ட அதே மரபணு மாற்றமோ, இறந்த நோயாளிகளின் சிறுமூளையில் கண்ட அதே கோளாறோ எலியிலும் இருக்கிறதா.

மூன்று, மருந்து. ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் இரண்டும் நம் நோயாளிகளுக்கு முதலில் எழுதித் தருபவை. கொஞ்சம் மது உள்ளே போனால் கை நடுக்கம் அடங்குகிறது என்று பல நோயாளிகள் தாங்களே சொல்வார்கள். இந்த மூன்றும் எலியிலும் வேலை செய்கின்றனவா?

நாலாவது கேள்வியை யாரும் சினாப்சிஸில் எழுதுவதில்லை: இந்த எலியை மூன்று வருடம் வைத்துக் காப்பாற்ற உங்களால் முடியுமா?

அட்டவணைக்கு முன் ஒரு வார்த்தை. நாக்-அவுட் என்றால் ஒரு மரபணுவை முடக்கிய எலி, நாக்-இன் என்றால் மனிதரில் கண்ட மாற்றத்தைக் கொண்டுபோய் வைத்த எலி. காப்ரா1, கிரிட்2 இரண்டும் மரபணுக்கள், ஹாட்ஃபுட் என்பது கிரிட்2 கெட்ட எலியின் பெயர்.

| எலி | நடுக்கத்தின் தோற்றம் | காரணம் மனிதரோடு | மருந்துக்குப் பதில் | வைத்துக் காப்பது |
|---|---|---|---|---|
| ஹார்மலின் ஊசி போட்ட சாதா எலி | நன்று, சில மணி நேரம் மட்டும் | இல்லை | நன்று, தவறான நம்பிக்கையும் தரும் | மிக எளிது |
| காப்ரா1 நாக்-அவுட் | நன்று, 15 முதல் 19 ஹெர்ட்ஸ் | மரபணு அளவில் இல்லை | நன்று | கடினம் |
| கிரிட்2 ஹாட்ஃபுட் | சுமார் 20 ஹெர்ட்ஸ், தள்ளாட்டமும் உண்டு | திசு அளவில் நெருக்கம் | நரம்புப் பாதையைச் சோதிக்க நன்று | நடுத்தரம் |
| மனித மாற்றத்தைச் சுமக்கும் நாக்-இன்கள் | பலவீனம் அல்லது இல்லவே இல்லை | மிக நெருக்கம் | நடுக்கமே இல்லாதபோது எதை அளப்பது | மிக நீண்ட காத்திருப்பு |

## ஹார்மலின்: மரபணு மாற்றம் இல்லாத அளவுகோல்

மரபணு எலிகளைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஹர்மல் செடியின் விதையில் இருக்கும் ஆல்கலாய்டு இது. நம்மூரில் மிளகாய் சுற்றிப் போடுவதுபோல ஈரானில் கண்ணேறு கழிக்க இந்த விதையைத்தான் நெருப்பில் போட்டுப் புகை காட்டுவார்கள்.

சாதாரண எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் அளவில் ஊசி போட்டால் சில நிமிடங்களில் உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பிக்கும். மூளைத்தண்டில் இன்ஃபீரியர் ஆலிவ் என்று ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. ஹார்மலின் அங்கே இருக்கும் செல்களை ஒரே தாளத்தில் துடிக்க வைத்துவிடுகிறது. அந்தத் தாளம் சிறுமூளையில் இருக்கும் பர்கின்ஜி என்ற பெரிய நரம்புச் செல்களுக்குப் போய் அங்கிருந்து உடம்புக்கு இறங்குகிறது. ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன், மது மூன்றும் இதை அடக்குகின்றன.

இதன் உண்மையான பலம் மரபணு எலிகளோடு சேரும்போதுதான் வெளியே வரும். 2010இல் கொரிய ஆய்வாளர்கள், நரம்புச் செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாசல்களான டி-வகைக் கால்சியக் கால்வாய்களில் ஒன்று, சிஏவி3.1, இல்லாத எலிக்கு ஹார்மலின் போட்டுப் பார்த்தார்கள். நடுங்கவில்லை. 2020இல் ஹூஸ்டனில் பர்கின்ஜி செல்களின் வெளியீட்டை மட்டும் மரபணு வழியில் அடைத்த எலிகளுக்குப் போட்டார்கள், அவற்றுக்கும் நடுக்கம் வரவில்லை. அதாவது எலி தானாக நடுங்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நடுக்கத்தைக் கொடுத்துப் பார், தாங்குகிறதா இல்லையா என்று சோதிக்கலாம். இந்த வழியை நம் மாணவர்கள் பலர் யோசிப்பதே இல்லை.

மறைந்திருக்கும் செலவு என்ன? திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு பழகிப்போகும், நடுக்கம் குறையும். அதனால் அதே எலியை வாரக்கணக்கில் பயன்படுத்த முடியாது. பெரிய எலிகளில், அதாவது ரேட்டில், ஹார்மலின் பர்கின்ஜி செல்களையே கொல்லும் என்று தொண்ணூறுகளிலேயே காட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது ஒரு விஷத்தால் வந்த திடீர் நடுக்கம். முப்பது வருடமாக மெதுவாக வளரும் நோய்க்கும் இதற்கும் இருக்கும் தூரத்தை மறந்துவிடக் கூடாது.

## காப்ரா1 நாக்-அவுட்: பார்த்தவுடன் பிடித்துப்போகும் எலி

மூளையில் அமைதிப்படுத்தும் வேலையைச் செய்யும் காபா-ஏ ஏற்பியில் ஆல்ஃபா1 என்ற உறுப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் இந்த எலியை உருவாக்கினார்கள். மூளையில் உள்ள காபா-ஏ ஏற்பிகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது, ஆனாலும் எலி உயிரோடு இருந்தது. 2005இல் வெளிவந்த ஆய்வுதான் இதை நடுக்க எலியாக முன்னால் நிறுத்தியது. நிற்கும்போதும் நகரும்போதும் 15 முதல் 19 ஹெர்ட்ஸில் நடுங்குகிறது. ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன், காபாபென்டின் கொடுத்தால் குறைகிறது, குறைந்த அளவு மதுவிலும் அடங்குகிறது. கையில் எடுத்தால் சைலன்ட்டில் போட்ட போன் அடிப்பதுபோல உள்ளங்கையில் ஒரு அதிர்வு தெரியும்.

ஏன் இப்படி? பர்கின்ஜி செல்லில் ஆல்ஃபா வகைகளில் ஆல்ஃபா1 மட்டுமே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தச் செல்லுக்குப் பிரேக் பிடிக்க ஆளே இல்லை.

தோற்றத்தில் நன்று, மருந்தில் நன்று. ஆனால் இரண்டாவது கேள்வியில் இந்த எலி தேறாது. எசென்ஷியல் ட்ரெமர் குடும்பங்களில் இந்த மரபணுவைத் தேடினார்கள், மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. மனிதர்களில் காப்ரா1 கெட்டால் வருவது வலிப்பு. ஆக சினாப்சிஸில் 'பரம்பரை எசென்ஷியல் ட்ரெமருக்கான மரபணு மாதிரி' என்று இந்த எலிக்கு எதிரே எழுதினால், வைவாவில் நரம்பியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வி அங்கேதான் விழும்.

இன்னொரு மறைந்த செலவு மருந்து சோதிக்கிறவர்களுக்கு. உங்கள் மருந்து காபா வழியாக வேலை செய்வது என்றால், அது போய் ஒட்ட வேண்டிய இடமே இந்த எலியில் பாதி இல்லை. மருந்து வேலை செய்யாவிட்டால் மருந்தின் குற்றமா எலியின் குற்றமா என்று தெரியாது. டயசெபம் குடும்பத்து மருந்துகள் தூக்கம் வரவைப்பதே பெரும்பாலும் இந்த ஆல்ஃபா1 வழியாகத்தான், அதனால் மயக்கத்தால் நடுக்கம் குறைந்ததா என்ற கணக்கும் இதில் மாறிப்போகும்.

## கிரிட்2 ஹாட்ஃபுட்: கவாத்து செய்யாத பந்தல்

எனக்குப் பிடித்த எலி இதுதான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருந்தால் மன்னிக்கவும்.

பர்கின்ஜி செல்லின் கிளைகள் மேல் ஒரு நரம்பு நார் கொடிபோல ஏறிப் படரும், அதனால் அதற்குப் பெயரே ஏறுநார். அது இன்ஃபீரியர் ஆலிவிலிருந்து வருகிறது. பிறந்த புதிதில் ஒரு செல்லின் மேல் பல ஏறுநார்கள் போட்டி போடும். வளர வளர, தோட்டக்காரர் கவாத்து செய்வதுபோல, மற்றவை வெட்டப்பட்டுக் கடைசியில் ஒரு செல்லுக்கு ஒரே நார் என்று நிற்கும், அதுவும் தன் எல்லைக்குள் மட்டும். இந்தக் கவாத்துக்குத் தேவையான புரதங்களில் ஒன்றைத் தருவதுதான் கிரிட்2 மரபணு.

தைவானிலும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இருந்த குழு 2020இல் வெளியிட்ட ஆய்வை நான் மாணவர்களுக்கு முதலில் படிக்கச் சொல்வேன். இறந்த எசென்ஷியல் ட்ரெமர் நோயாளிகளின் சிறுமூளையில் ஏறுநார்கள் எல்லை தாண்டிப் படர்ந்திருந்தன, கிரிட்2 தரும் புரதமும் குறைவாக இருந்தது. சரி, எலியில் இதையே செய்தால்? கிரிட்2இல் மூன்றாம் எக்ஸான் என்ற துண்டு இரட்டித்துப்போன ஹாட்ஃபுட் எலியில் அதே மாதிரி ஏறுநார் படர்ந்திருந்தது, சுமார் 20 ஹெர்ட்ஸில் நடுக்கமும் வந்தது. ஏறுநாரின் செயல்பாட்டை அடக்கினால் நடுக்கம் அடங்கியது. இதோடு அவர்கள் நிற்கவில்லை. சாதாரண எலியின் பர்கின்ஜி செல்களை ஒளியால் ஒரு தாளத்தில் தூண்டினார்கள், எந்த வேகத்தில் தூண்டினார்களோ அந்த வேகத்திலேயே எலி நடுங்கியது. பிறகு மனித நோயாளிகளின் சிறுமூளைக்கு மேல் இஇஜி எடுத்தார்கள், அங்கும் அந்தத் தாளம் தெரிந்தது. எலியில் ஆரம்பித்து மனிதரில் போய்ச் சரிபார்த்த ஆய்வுகள் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். நோயாளிகளில் குறைந்திருந்தது புரதம். அவர்களுக்கு கிரிட்2 மரபணுவில் பிறழ்வு இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. மனிதர்களில் அந்த மரபணுவே கெட்டால் வருவது சிறுவயதிலேயே தள்ளாட்டத்தோடு கூடிய வேறு நோய். ஆகவே இது திசு அளவில் ஒத்துப்போகும் எலிதான். பரம்பரை அளவில் ஒத்துப்போகும் எலி என்று எழுதக் கூடாது.

தள்ளாட்டம் என்றதும் இந்த எலியின் பெயருக்கு வருவோம். வெயிலில் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடப்பவர்போல பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், அதனால்தான் ஹாட்ஃபுட். உருளும் கம்பியில் விட்டால் சீக்கிரம் விழுந்துவிடும். விழுந்தது நடுக்கத்தாலா தள்ளாட்டத்தாலா என்று அந்தச் சோதனை உங்களுக்குச் சொல்லாது. நடுக்கத்தை நடுக்கமாகவே அளந்தாக வேண்டும்.

### நான் ஏமாந்த கதை

அளப்பது என்றதும் என் முதல் வருடம் ஞாபகம் வருகிறது. எங்களிடம் அப்போது அதிர்வை அளக்கும் நல்ல அக்செலரோமீட்டர் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே போனை வைத்து ஹாட்ஃபுட் எலியைப் படம் எடுத்து, மூக்கு நுனி எப்படி அசைகிறது என்று ஃப்ரேம் ஃப்ரேமாகத் தடம் பிடித்து ஸ்பெக்ட்ரம் போட்டேன், அதாவது எந்த வேகத்தில் எவ்வளவு அசைவு என்ற வரைபடம். 10 ஹெர்ட்ஸில் அழகாக ஒரு சிகரம். மனிதருக்கு வரும் அதே எல்லைக்குள்! ஒரு வாரம் தரையில் கால் படவில்லை. லேப் மீட்டிங்கில் காட்டினேன். சீனியர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் அனிமல் ஹவுஸுக்கு வந்து, அந்த எலியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இது பத்து இல்லம்மா" என்றார்.

போன் வினாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும். 30 ஃப்ரேமில் 15 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் உள்ளபடி பார்க்க முடியாது, 20 ஹெர்ட்ஸ் நடுக்கம் மடிந்து 30 கழித்தல் 20, அதாவது 10 ஆகத் தெரியும். ஓடும் பைக்கின் சக்கரம் சினிமாவில் பின்னால் சுற்றுவது மாதிரிதான். 240 ஃப்ரேமில் மறுபடி எடுத்தபோது சிகரம் சமர்த்தாக 20க்குப் போய் உட்கார்ந்தது. எந்த எலியை எடுத்தாலும் சரி, இதைச் செய்யாதீர்கள்.

## மனித மாற்றத்தைச் சுமக்கும் எலிகள்

எசென்ஷியல் ட்ரெமருக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட மரபணுக்களின் பெரிய பட்டியலே இங்கே இருக்கிறது. 2012இல் மான்ட்ரியலில் ஒரு பிரெஞ்சு-கனடியக் குடும்பத்தில் எஃப்யூஎஸ். 2014இல் ஆறு தலைமுறைத் துருக்கியக் குடும்பம் ஒன்றில் ஹெச்டிஆர்ஏ2. 2015இல் ஸ்பானியக் குடும்பங்களில் டெனம்4. ஒவ்வொன்றும் வந்தபோது கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வேறு ஊர் மக்களிடம் தேடியபோது பெரும்பாலும் கைக்கு அகப்படவில்லை. அந்தந்தக் குடும்பத்தின் கதையாகவே நின்றுவிட்டன.

எலிப் பக்கம் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஹெச்டிஆர்ஏ2 செயலிழந்த எம்என்டி2 எலி சுமார் 40 நாளில் செத்துவிடும், எழுபது வயதில் டம்ளரைத் தூக்க முடியாத ஒருவரின் நோயை அதில் எப்படிப் பார்ப்பது? டெனம்4 இல்லாத எலி ஒன்று ஜப்பானியர்களிடம் இருந்தது, பெயர் ஃபுருவே, அவர்கள் மொழியில் நடுக்கம் என்றே பொருள். உண்மையிலேயே நன்றாக நடுங்குகிறது, ஆனால் காரணம் மெல்லிய நரம்பு இழைகளில் மயலின் உறை சரியாக உருவாகாதது. குடும்பங்களில் கண்டது ஒற்றை எழுத்து மாற்றம், எலியில் செய்திருப்பது மரபணுவையே முடக்கியது. இரண்டும் ஒன்றாகாது.

காரணம் உறுதியாகத் தெரிந்த பரம்பரை நடுக்கம் வேண்டும் என்றால் எசென்ஷியல் ட்ரெமரை விட்டுவிட்டு அதன் பக்கத்து வீட்டுக்குப் போகலாம். ஃப்ராஜைல் எக்ஸ் குடும்பங்களில் பேரனுக்கு வளர்ச்சிக் குறைபாடு, தாத்தாவுக்கு வயதான காலத்தில் நடுக்கமும் தள்ளாட்டமும் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள், எஃப்எக்ஸ்டாஸ் என்று பெயர். எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200க்கு மேல் போனால் பேரனின் நோய், 55 முதல் 200 வரை இருந்தால் தாத்தாவின் நோய்க்கு வாய்ப்பு. மரபணு, எண்ணிக்கை, திசுவில் காணும் அடையாளம் எல்லாம் தெரியும். நெதர்லாந்தில் ஒரு குழு சுமார் 98 சிஜிஜியை எலியில் கொண்டுபோய் வைத்தது. நோயாளிகளில் காண்பதுபோலவே நரம்புச் செல்களின் உட்கருவுக்குள் சின்னச் சின்னத் திரட்டுகள் வந்தன, 20 வாரத்திலிருந்து 72 வாரத்துக்குள் அதிகரித்துக்கொண்டே போயின. எல்லாம் பொருந்தியது. நடுக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி வரவில்லை.

இதன் மறைந்த செலவுகள் இரண்டு. 72 வாரம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம், ஃபெலோஷிப்பில் பாதி ஒரே ஒரு தொகுதி எலி கிழடாகட்டும் என்று காத்திருப்பதில் போய்விடும், நடுவில் இயற்கையாகச் சாகும் எலிகள் வேறு. அடுத்து, மூன்றெழுத்துத் தொடர் தலைமுறைக்குத் தலைமுறை நீளம் மாறும். பெற்றோருக்கு இத்தனை என்பதை வைத்துக் குட்டிக்கும் அதே என்று எழுதிவிட முடியாது, ஒவ்வொன்றுக்கும் பிசிஆர் போட்டு அளக்க வேண்டும், அதுவும் சி-யும் ஜி-யும் நிறைந்த பகுதி என்பதால் சாதாரண பிசிஆர் முரண்டு பிடிக்கும்.

இந்தியாவில் இருப்பவர்கள் எஸ்சிஏ12 என்ற பரம்பரைத் தள்ளாட்ட நோயையும் யோசிக்கலாம். 1999இல் ஜெர்மானிய வம்சாவளி அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் முதலில் கண்டார்கள், ஆனால் உலகிலேயே அதிகம் இருப்பது வட இந்தியாவின் அகர்வால் சமூகத்தில். பிபிபி2ஆர்2பி மரபணுவில் சிஏஜி தொடர் நீண்டுபோவதால் வருகிறது. பெரும்பாலும் கை நடுக்கத்தில்தான் ஆரம்பிக்கும், அதனால் பல வருடம் எசென்ஷியல் ட்ரெமர் என்றே மருந்து எழுதியிருப்பார்கள். தில்லியில் எய்ம்ஸும் ஐஜிஐபி ஆய்வு நிறுவனமும் இதில் நீண்ட காலமாக வேலை செய்கின்றன, நோயாளிகளின் செல்களிலிருந்து ஸ்டெம் செல் வரிசைகளையும் உருவாக்கியிருக்கிறார்கள். என் கருத்து, இந்த நோய்க்கு எலியை விட நோயாளியும் அவர் செல்லும்தான் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

ஷிவரர், ஜிம்பி, ட்ரெம்ப்ளர் என்று பழைய காலத்து நடுக்க எலிகளையும் சிலர் கேட்பார்கள். முதல் இரண்டும் மூளையில் மயலின் இல்லாமல் நடுங்குகின்றன, மூன்றாவது கைகால் நரம்புகளின் மயலின் கெட்டு நடுங்குகிறது. மயலின் உங்கள் பொருள் என்றால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

## யாரும் சொல்லாத செலவு: குட்டிக் கணக்கு

சினாப்சிஸில் 'ஒரு குழுவுக்கு 12 ஆண் எலி' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். காப்ரா1 போன்ற எலியில் அந்த ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பிரதி மட்டும் கெட்ட ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிதான் நாக்-அவுட். ஈற்றுக்கு 6 குட்டி என்று வைத்தால் ஒன்றரை நாக்-அவுட், அதில் ஆண் பாதி, ஆக முக்கால். 12 வேண்டும் என்றால் 16 ஈற்று, 96 குட்டி. கூடப்பிறந்த சாதா ஆண் 12ஐயும் சேர்த்தால் 24 பேர்தான் சோதனைக்குப் போவார்கள். மிச்சம் 72 குட்டிக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும், நெறிமுறைக் குழுவுக்குப் போகும் படிவம் பி-யிலும் இந்த எண்ணிக்கை வர வேண்டும். பெண் எலியையும் சேர்த்துக்கொண்டால் 8 ஈற்றில் முடிந்துவிடும், நோய் இரு பாலருக்கும் வருகிறதுதானே, ஏன் ஆணை மட்டும் எடுக்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை, பழக்கம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது தனிக் கதை. பல வகைகள் கூண்டில் உயிரோடு இருக்காது, உறைய வைத்திருப்பார்கள், மீட்டெடுத்து அனுப்பவே மாதங்கள் ஆகும். அதற்கு மேல் இறக்குமதி அனுமதி, குவாரன்டைன். பெங்களூரில் என்சிபிஎஸ், இன்ஸ்டெம் என்ற ஆய்வு நிறுவனங்களின் வளாகத்தில் மரபணு எலிகளை உருவாக்கித் தரும் வசதி இருக்கிறது, ஆர்டர் போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு மெயில் போடுவதில் நஷ்டமில்லை.

அப்புறம், எந்த எலியும் குளிரில் நடுங்கும், பயத்திலும் நடுங்கும். ஏசி நேராக அடிக்கும் மேஜையில் பெட்டியை வைத்து, கூண்டிலிருந்து எடுத்த இரண்டாவது நிமிடமே பதிவு செய்தால் சாதா எலிக்கும் நடுக்கம் கிடைக்கும். பெட்டியில் விட்டுப் பழக நேரம் கொடுங்கள், கூடப்பிறந்த சாதா எலியை அதே நேரத்தில் அதே பெட்டியில் பதிவு செய்யுங்கள்.

## சரி, யாருக்கு எது

புதிய மருந்து ஒன்றைச் சலித்துப் பார்க்க வேண்டும், கையில் பணமும் நேரமும் குறைவு என்றால் ஹார்மலின். ஆனால் அங்கே கிடைக்கும் வெற்றியை வைத்துப் பெரிதாக எழுதாதீர்கள். டி-வகைக் கால்சியக் கால்வாயை அடைக்கும் மருந்துகள் 2010இலேயே ஹார்மலின் எலி, காப்ரா1 எலி இரண்டிலும் நடுக்கத்தை அடக்கின. அந்த வழியில் வந்த சுவெக்கால்டமைடு 2024இல் மனிதர்களிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் இலக்கை எட்டவில்லை. ஒரு மருந்து தவறியதால் அந்த வழியே தவறு என்று ஆகாது, ஆனால் இரண்டு எலியில் ஜெயித்தால் மனிதரில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நாள்பட்ட நடுக்கத்தில் வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், மருந்து காபா வழியில் இல்லை என்றால் காப்ரா1. நடுக்கம் மூளையில் எங்கே எப்படிப் பிறக்கிறது என்பதுதான் கேள்வி என்றால், ஒளியால் தூண்டும் வசதி லேபில் இருந்தால், யோசிக்காமல் கிரிட்2. ஒரு குறிப்பிட்ட மரபணு நடுக்கத்துக்குத் தேவையா என்று பார்க்க, அந்த மரபணு இல்லாத எலிக்கு ஹார்மலின். உண்மையிலேயே பரம்பரைதான் பொருள் என்றால் எஃப்எம்ஆர்1 நாக்-இன், ஆனால் அளவுகோலை நடுக்கத்திலிருந்து திசுவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், தலைப்பில் இருந்து நடுக்கம் என்ற சொல்லையும் எடுத்துவிட வேண்டியிருக்கலாம்.

போன் செய்த பெண்ணிடம் திருப்பிக் கேட்டேன், கைடு என்ன செய்யச் சொன்னார் என்று. தாவரத்திலிருந்து பிரித்த ஒரு சேர்மம் இருக்கிறதாம், அது நடுக்கத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பரம்பரை என்ற சொல் தலைப்பு கனமாக இருக்கட்டும் என்று சேர்த்ததாம். அதை எடுத்துவிட்டு, முதல் வருடம் ஹார்மலின், அதில் தேறினால் இரண்டாம் வருடம் கிரிட்2 என்று எழுதச் சொன்னேன். சேர்மம் காபா வழியிலா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை, அதனால் காப்ரா1 வேண்டாம். கடைசியாக, உங்கள் துறையில் 240 ஃப்ரேம் எடுக்கும் கேமரா இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், பக்கத்து லேபில், செவ்வாய்க்கிழமை மட்டும் தருவார்களாம்.